ஐ.சி.ஜி. 25 மில்லிகிராம் குப்பி: ஒளியொலிப் படமாக்கத்துக்கு வாங்கலாமா?

கண் மருத்துவமனையில் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பதற்காகக் கைநரம்பில் ஏற்றப்படும் கரும்பச்சை மருந்தைப் பார்த்தவர்களுக்கு இண்டோசயனின் கிரீன் என்ற பெயர் புதிதாக இருக்காது. மதுரையில் ஆரோலேப் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. வெளிநாடுகளிலும் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெரும்பாலும் 25 மில்லிகிராம் உலர்தூள் அடங்கிய சிறு கண்ணாடிக் குப்பியாகவே இது கைக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, ஐ.சி.ஜி. என்றால் போதும். இங்கே நான் மதிப்பிடுவது அந்தக் குப்பியைத்தான் என்றாலும், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை வைத்து மதிப்பிடவில்லை. லேசர் ஒளியை உள்ளே செலுத்தி, திரும்பி வரும் மீயொலியைக் கேட்டுப் படம் வரையும் ஒளியொலிப் படமாக்கத்தில் கான்ட்ராஸ்ட் பொருளாக, அதாவது பார்க்க வேண்டியதைப் படத்தில் எடுப்பாகக் காட்டும் பொருளாக, அது எவ்வளவு தேறுகிறது என்பதே என் கேள்வி. சுண்டெலிகளை இவ்வகையில் படம் எடுக்கும் கருவி ஒன்றைச் சில ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். இதே வேலைக்குத் தங்க நானோதண்டுகள் என்ற நுண்துகள்களையும் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேச முடியாது. விட்டுவிட்டு வரும் சூரிய ஒளி ஒரு பொருளின்மேல் விழும்போது அந்தப் பொருள் ஒலியெழுப்புகிறது என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-இல் கண்டறிந்தார். இன்று சூரிய ஒளியின் இடத்தில், ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் லேசர் துடிப்பு இருக்கிறது. ஒளியை உறிஞ்சிய இடம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே அங்கே ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தம் எழும்பும். அது மீயொலி அலையாகத் தோல்வரை வந்து உணரியில் விழும். ஒளி திசுவுக்குள் நுழைந்த சில மில்லிமீட்டரிலேயே சிதறித் திசை தவறிவிடும். ஒலி அவ்வளவாகச் சிதறுவதில்லை. ஆகவே சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதையும் ஓரளவு கூர்மையாகப் பார்க்க முடிகிறது. கான்ட்ராஸ்ட் பொருளிடம் நாங்கள் எதிர்பார்ப்பது, வாங்கிய ஒளியை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக்கித் தருவதை. ஐ.சி.ஜி. ஒளிர்வதில் கஞ்சத்தனம் காட்டும் சாயம். உறிஞ்சிய ஒளியில் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே ஒளிர்வாகத் திரும்புகிறது, மீதி வெப்பமாகிறது. ஒளிர்வுப் படம் எடுப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். அவர்களுடைய நட்டம் எங்கள் வரவு.

சாயத்தின் பிறப்பும் எங்களுக்குச் சாதகமானது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் புகைப்படச் சாயங்களிலிருந்து வந்த இதை, 1950-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இர்வின் ஃபாக்ஸும் ஏர்ல் வுட்டும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிடக் கொண்டுவந்தார்கள். ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் 800 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே அது உறிஞ்சும் ஒளியின் அளவு மாறுவதில்லை; அந்த இடத்தில் உறிஞ்சலின் உச்சம் கொண்ட ஒரு சாயம் இருந்தால் இரத்தத்தின் ஆக்சிஜன் ஏற்ற இறக்கம் அளவீட்டைக் குழப்பாது. அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட சாயம் இது. 1959-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. இதயம், கல்லீரல், கண் ஆகியவற்றின் சோதனைகளுக்காக அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மனித உடலுக்குள் போய் வந்துகொண்டிருக்கும் ஒரு பொருளின் பழக்கவழக்கங்கள் எல்லாம் தெரிந்தவை. புதிய நானோதுகள்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

இனி குப்பிக்கு வருவோம். மூடியைத் திறந்தால் அடியில் கரும்பச்சைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசிமருந்துக்கான தூயநீரில் கரைக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று உடன்வரும் தாளில் அச்சிட்டிருக்கும். இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஒருநாள், தூயநீர் தீர்ந்துபோயிருந்ததால், கைக்கெட்டிய உப்புக்கரைசலை உறிஞ்சி நேரே குப்பிக்குள் விட்டுவிட்டேன். பார்ப்பதற்கு நன்றாகக் கரைந்ததுபோலத்தான் இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணாடியின் வளைவில் பொடிமணல்போல் பச்சைத் துணுக்குகள் மெதுவாகச் சரிவது தெரிந்தது. எலியின் வால் நரம்பில் ஏற்றுவதற்கு முன்பே கண்ணில் பட்டதால் ஒரு குப்பியோடு போயிற்று. அதன் பிறகு தூயநீரைச் சாயப் பெட்டியோடு ரப்பர் பட்டை போட்டுக் கட்டி வைக்கிறோம். கரைத்த சாயத்தை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள். நீரில் கரைந்த நிலையில் வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும். விரலில் பட்ட கறை இரண்டு நாள் போகாது என்பது ஒரு கூடுதல் தகவல். எங்கள் கூடத்தில் யார் அன்றைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தச் சாயத்தின் பெரிய சிக்கல், அது எதில் கரைந்திருக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறும் என்பது. நீரில், நீர்த்த நிலையில், அதன் உச்சம் 780 நானோமீட்டர் அருகே இருக்கும். செறிவு கூடினால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ள, 700 அருகே ஒரு திமில் எழும்பி, மேலும் செறிவானால் அந்தத் திமிலே உச்சமாகிவிடும். இரத்தத்துக்குள் போனவுடன் அல்புமின் முதலிய புரதங்கள் அதைப் பற்றிக்கொள்வதால் உச்சம் 800-ஐத் தாண்டி நகர்கிறது. செறிவான கரைசலை நெடுநேரம் சூடாக்கினால் மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டு 890-க்கு மேல் ஊசிபோல் ஓர் உச்சம் வரும். அதைத் தனிப் பொருளாகவே பயன்படுத்தப் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. ஆக ஒரே குப்பியிலிருந்து மூன்று நான்கு நிறங்கள். ஒளிர்வுக் கருவிக்கு இது பெரிய தொல்லை இல்லை, வடிகட்டியை அகலமாக வைத்துச் சமாளித்துவிடலாம். ஒளியொலிக் கருவிக்கு இது உயிர்நாடியான விஷயம். ஏனென்றால் எங்கள் படத்தில் தெரியும் பச்சை நிறம் கேமராவில் விழுந்த பச்சை இல்லை, கணினி போட்ட கணக்கின் விடை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கருவி 700, 730, 760 என்று அலைநீளத்தை மாற்றி மாற்றி ஒளியைச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒலி வந்தது என்று பதிவு செய்யும். பின்னர் ஒவ்வொரு புள்ளியிலும், இதில் இவ்வளவு ஆக்சிஜன் ஏறிய இரத்தம், இவ்வளவு ஆக்சிஜன் இறங்கிய இரத்தம், இவ்வளவு சாயம் என்று மென்பொருள் பங்கு பிரிக்கும். பங்கு பிரிக்க அதனிடம் ஒவ்வொரு பொருளின் நிறவரைபடமும், அதாவது எந்த அலைநீளத்தில் அது எவ்வளவு உறிஞ்சும் என்ற கோடும், இருக்க வேண்டும். எங்கள் மென்பொருளோடு வந்த ஐ.சி.ஜி. வரைபடம் நீரில் அளந்தது. அதை அறியாமல் ஒரு மாதம் படம் எடுத்தோம். எலியின் புற்றுக்கட்டியின் ஓரத்திலும் மண்ணீரலிலும் சாயம் அழகாகச் சேர்ந்திருந்தது. ஆய்வுக்கூட்டத்தில் காட்டி எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு ஒரு மாணவி, ஊசி போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எடுத்த பதிவையும் அதே கணக்கில் ஓட்டிப் பார்த்து, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எலியின் உடம்பில் ஒரு துளி சாயம்கூட ஏறாத நேரம். கட்டியின் ஓரத்தில் அதே பச்சை.

காரணம் சிக்கலானதல்ல. ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினுக்கு 760 நானோமீட்டர் அருகே ஒரு மேடு உண்டு. 700-இலும் அது அதிகமாகவே உறிஞ்சும். நீரில் அளந்த சாய வரைபடத்தின் உச்சமும் திமிலும் அந்த வடிவத்துக்கு நெருக்கமாக இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கணக்கு சாயமென்று பிடித்துக்கொண்டது. எலியின் பிளாஸ்மாவில் சாயத்தைக் கலந்து நாங்களே ஒரு வரைபடம் அளந்து, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்ததும் பொய்ப்பச்சை பெரும்பாலும் மறைந்தது. முழுதாக மறையவில்லை. ஆழத்துக்குப் போகும் ஒளி வழியிலுள்ள இரத்தத்தைக் கடந்து போவதால் சில அலைநீளங்கள் முன்பே தேய்ந்துவிடுகின்றன. அடியிலுள்ள பொருளின் நிறம் அதனால் வேறாகத் தெரிகிறது. இந்தத் துறையில் இன்னும் முழுமையாகத் தீராத பிரச்சினை அது. எந்தக் குப்பியை வாங்கினாலும் தீராது.

இங்கேதான் ஐ.சி.ஜி.யைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு குறையை நான் மறுக்கிறேன். நரம்பில் ஏற்றிய மூன்று நான்கு நிமிடத்தில் பாதி போய்விடுகிறது, நின்று நிதானமாகப் படம் எடுக்க முடியவில்லை, கட்டியில் சேர்வதற்குள் கல்லீரல் இழுத்துவிடுகிறது என்பது அந்தக் குறை. எல்லாம் உண்மைதான். கல்லீரல் மட்டுமே இதை எடுத்து, மாற்றமெதுவும் செய்யாமல் பித்தநீரில் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் பொய்ப்பச்சை இவ்வளவு எளிதாகத் தோன்றும் ஒரு முறையில், வரும் நேரமும் போகும் நேரமும் போகும் வழியும் தெரிந்த சாயம் கிடைத்திருப்பது அதிர்ஷ்டம். பெரிய நாளத்தில் ஒலி சட்டென ஏறி, சில நிமிடத்தில் பாதியாகி, அதே வேகத்தில் கல்லீரலில் ஏறினால் அது சாயம். பத்து நிமிடமாகியும் ஒரு நாளத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும் பச்சை சாயமே இல்லை, கணக்கின் தவறு. சிறுநீர்ப்பையில் பச்சை தெரிந்தால் வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள். மேலே சொன்ன ஒரு மாதத்துப் படங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளவேண்டும் என்று நாங்கள் பிரித்ததே இந்த நேர வளைவை வைத்துத்தான். நாட்கணக்கில் உடம்பில் தங்கும் பொருளாக இருந்திருந்தால், எங்கள் தவறு வெளியே தெரியாமலே போயிருக்கும்.

இதன் உண்மையான குறை வேறு. வெள்ளைத் துணியில் வண்ணம் ஏற்றுவதுபோல் இந்தச் சாயம் வேலை செய்வதில்லை. ஏற்கெனவே இருண்டு கிடக்கும் இரத்தத்தோடு போட்டி போடுகிறது. 800 நானோமீட்டரில் இயல்பான இரத்தம் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.4 என்ற அளவில் ஒளியை உறிஞ்சுகிறது. அதற்குச் சமமாகச் சாயம் உறிஞ்ச வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 8 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியில் இரத்தம் சுமார் 2 மில்லிலிட்டர். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வீதத்தில் 50 மைக்ரோகிராம் ஏற்றினால் மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம், அதாவது இரத்தத்தைப்போல மூன்று மடங்கு. படம் பிரமாதமாக வரும். அதே சாயத்தில் முழுக் குப்பியையும் 5 லிட்டர் இரத்தமுள்ள பெரியவர் ஒருவருக்கு ஏற்றினால் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். கலந்து முடிந்த அந்த முதல் நொடியிலேயே இரத்தத்தின் சொந்த உறிஞ்சலில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். மனிதருக்கு உச்ச அளவும் கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான் என்பதால் இன்னும் சில குப்பிகள் ஏற்ற விதியில் இடமுண்டு; ஆனால் வழக்கமாக ஏற்றப்படும் அளவுகள் அதைவிட மிகவும் குறைவு. எலியில் எடுத்த படத்தைக் காட்டி மனிதரிலும் இப்படியே வரும் என்று யாராவது சொன்னால் இந்தக் கூட்டல் கழித்தலை அவர் முன் வையுங்கள்.

இரத்தத்தில் ஏற்றாமல் தோலுக்குள் செலுத்தினால் கதை மாறிவிடுகிறது. நிணநீர்க் குழாய்களில் ஹீமோகுளோபின் இல்லை. போட்டிக்கு ஆள் இல்லாத வீதி. சாயம் நீர்த்துப்போகாமல் முதல் நிணநீர்க் கணுவில் போய்த் தேங்குகிறது. செறிவு மிகுந்தால் ஒளிர்வு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்பதால் ஒளிர்வுக் கேமரா அங்கே திணறும். எங்கள் கருவிக்குச் செறிவு கூடக்கூட ஒலியும் கூடும், 700 அருகே எழும் அந்தத் திமிலை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், கதிரியக்கத் தடயத்தைக் கொண்டு கண்டறியப்பட்ட காவல் நிணநீர்க் கணுக்களை, அதாவது கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் கணுக்களை, ஐ.சி.ஜி.யும் ஒளியொலிக் கருவியும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் ஆழம்வரை காட்டின. அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே கதிரியக்கமில்லாமல் கணு எங்கே என்று தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. என்னைக் கேட்டால் இந்தக் குப்பிக்கு இந்தத் துறையில் இருக்கும் மிகச் சிறந்த பயன் இதுதான். கட்டியைக் காட்டுவது, மூளை இரத்த ஓட்டத்தைக் காட்டுவது எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

தங்க நானோதண்டுகளை நான் வாங்கியதன் காரணம், எல்லோரையும்போல, கட்டுரைகளில் பார்த்த படங்கள். ஏறத்தாழ 40 நானோமீட்டர் நீளமும் 10 நானோமீட்டர் குறுக்களவும் கொண்ட இந்தத் தண்டுகளில் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் உச்சத்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம்; விகிதம் நான்கு என்றால் 800 அருகே. ஒரு தண்டு உறிஞ்சும் ஒளி, ஒரு சாய மூலக்கூறு உறிஞ்சுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. நிறமும் அல்புமினைக் கண்டு இடம் மாறாது. காகிதத்தில் இதற்குமேல் வேண்டியதில்லை. கையில் வந்ததும்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தண்டுகளை வளர்க்கப் பயன்படும் சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகை செல்களுக்கு நஞ்சு. அதை நன்றாக நீக்கி, பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசியதை வாங்க வேண்டும், அதற்கு விலை கூடும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. நான் வாங்கிய ஒரு தொகுதி வழியில் எங்கோ உறைந்து உருகி வந்திருக்க வேண்டும். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய கரைசல் சாம்பல் பூத்து, அடியில் கருத்த படிவோடு இருந்தது. விற்பனையாளரோ பெட்டியைத் திறந்த நேரத்துப் புகைப்படம் கேட்டார். யார் எடுத்து வைத்தார்கள்? அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாடாவை அறுக்கிறோம்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் லேசரின்கீழ் நடந்தது. துடிப்பின் வெப்பம் தாங்காமல் தண்டுகள் உருகிக் குறுகி உருண்டையாகத் தொடங்குகின்றன. உருண்டையான தங்கத்தின் உச்சம் 520 நானோமீட்டர் பக்கம் போய்விடும், அது எங்கள் லேசரின் எல்லைக்கே வெளியே. முதல் சில நொடிகளில் காதைப் பிளந்த ஒலி படிப்படியாக அடங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். துடிப்பின் ஆற்றலைக் குறைத்தால் தப்பிக்கும், ஆனால் அப்போது ஆழம் போய்விடும். சிலிக்கா ஓடு பூசிய தண்டுகள் இதைக் கணிசமாகத் தாங்குகின்றன; ஒலியும் கூடுகிறது; பணமிருந்தால் அவற்றையே வாங்குங்கள். என் முந்தைய வாதம் இங்கேயும் பொருந்துகிறது: உடம்பில் மணிக்கணக்கில் சுற்றும் தண்டு, ஈரலிலும் மண்ணீரலிலும் போய் மாதக்கணக்கில் குடியிருக்கிறது, வெளியேறுவதில்லை. படத்தில் இன்றைக்குத் தெரிவது இன்று ஏற்றியதா, போன வாரம் ஏற்றியதன் மிச்சமா என்று சொல்ல நேர வளைவு உதவாது. மனிதருக்கான ஒளியொலிக் கான்ட்ராஸ்டாக இதற்கு அனுமதியும் இல்லை. கட்டியில் நெடுநேரம் தங்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால், எலிகளில், தண்டுக்கு இடமுண்டு. வேறெதற்கும் நான் அதை முதலில் எடுப்பதில்லை.

மெத்திலீன் நீலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, பழையது, மனிதருக்கும் பயன்படுவது. ஆனால் அதன் உச்சம் 665 நானோமீட்டர் அருகே, ஆக்சிஜன் இறங்கிய இரத்தம் நன்றாக உறிஞ்சும் பகுதியில். 680-இல் தொடங்கும் லேசருக்கு அதன் சரிவு மட்டும்தான் கிடைக்கும். தோலின்மேல் செலுத்த அனுமதிக்கப்படும் ஒளியின் அளவும் 700 நானோமீட்டர்வரை சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல்தான். 800-இல் அது 32 அளவுக்கு உயர்கிறது. மேலோட்டமான நிணநீர்க் கணுவுக்கு நீலம் போதும். எதிர்ப்புப் புரதங்களோடு சாயத்தை இணைத்துப் புற்றுச் செல்லைக் குறிவைக்கும் வகைகளையும் விற்கிறார்கள். ஒளிர்வில் அவை நன்றாக வேலை செய்யும் என்றாலும், செல்லுக்குப் போய்ச் சேரும் சாயம் எங்கள் கருவி கேட்கும் அளவுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

சாயமே வேண்டாம் என்ற வாய்ப்பையும் இந்த மதிப்புரையில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சந்தையில் அதுவே முந்திக்கொண்டிருக்கிறது. செனோ மெடிக்கல் நிறுவனத்தின் இமாஜியோ கருவி மார்பகக் கட்டிகளுக்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 757, 1064 என்ற இரண்டே அலைநீளங்களில் இரத்தத்தையும் அதன் ஆக்சிஜனையும் மட்டும் வைத்து அது வேலை செய்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடல் சுவரை ஹீமோகுளோபினை மட்டும் கொண்டே பார்த்திருக்கிறார்கள். உங்கள் கேள்வி இரத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்பதாக இருந்தால் ஐ.சி.ஜி. வாங்காதீர்கள், சாயம் ஏறியதும் ஆக்சிஜன் கணக்கு குழம்பத்தான் செய்யும். எங்கே ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எந்தக் கணுவுக்குப் போகிறது என்பவையே சாயத்துக்கான கேள்விகள்.

வாங்குபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஆய்வுத் தரத் தூள் என்று மொத்தமாக விற்பதும், ஊசிமருந்துத் தரக் குப்பியும் ஒன்றல்ல. தூள் கிராம் கணக்கில் மலிவாக வரும். ஆனால் எங்களுக்கு வந்த ஒரு தொகுதியின் சான்றிதழில் தூய்மை எவ்வளவு என்று இருந்ததே தவிர, சோடியம் அயோடைடு எவ்வளவு என்று இல்லை. மருந்துக் குப்பியில் கரைவதற்கு உதவியாக 5 சதவீதம்வரை அது சேர்க்கப்பட்டிருக்கும். அயோடைடு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றக்கூடாது என்ற எச்சரிக்கைக்குக் காரணம் அதுதான். அயோடைடு இல்லாத வகைகளும் உண்டு. போலி உடலில், அதாவது உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனை மாதிரியில், சோதிப்பதற்குத் தூள் போதும், உயிருள்ளவற்றுக்குக் குப்பியை மட்டுமே பயன்படுத்துகிறோம். மனிதரிடம் ஒளியொலிப் படத்துக்காக இதைச் செலுத்துவது மருந்தின் அட்டையில் எழுதிய பயன்களுக்கு வெளியே உள்ளது என்பதால், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் குப்பியைத் தொடவேண்டாம்.

போலி உடல் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒளியொலியின் வலிமை வெப்பநிலையைப் பொறுத்தது. நீரில், 22 டிகிரியில் கிடைக்கும் ஒலி 37 டிகிரியில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். குளிர்சாதன அறையில் குழாய்க்குள் சாயத்தை வைத்து அளந்துவிட்டு, எலியின் உடம்பில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டு, எதிர்பார்த்ததைவிட அதிகச் சாயம் சேர்ந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் தொட்டியின் நீரை முதலில் சூடேற்றிவிட்டுத்தான் குழாயைப் பொருத்துகிறோம். அசையாத குழாயில் லேசர் தொடர்ந்து பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஊசியை ஒரு கோடு தள்ளிப் புதுச் சாயத்தைக் கொண்டுவருகிறோம்.

அடுத்த காலாண்டுக்கான கொள்முதல் பட்டியலை நேற்று எழுதி அனுப்பினேன். ஐ.சி.ஜி. குப்பி இரண்டு பெட்டி, ஊசிக்கான தூயநீர் அதற்கு இரட்டிப்பு, பிளாஸ்மாவில் வரைபடம் அளக்கக் கண்ணாடிச் சிறுகலன்கள் ஒரு டஜன். சிலிக்கா பூசிய தண்டு ஒரு சிறு குப்பி. அது ஒரே ஒரு மாணவரின் கட்டி ஆய்வுக்கு. அந்த வரிக்கு எதிரே, பெட்டி வந்தவுடன் புகைப்படம் எடுக்கவும் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன்.